லியோகாடி கையில் நான் கொடுத்த கத்தி

ஆடையில்லாமல் நிற்கிறவர்களுக்குக் குளிர் முதலில் முதுகில்தான் ஏறும். இது தெரியாமல் பல ஓவியர்கள் கணப்பு அடுப்பை மேடைக்கு முன்னால் வைக்கிறார்கள். எங்கள் வகுப்பில் அதைப் பின்பக்கம் மாற்றி வைக்கச் சொன்னவள் நான். மாடல்கள் என்னை நல்ல மனுஷி என்றுதான் சொல்வார்கள், விசாரணை நீதிபதி ஐயா. பாரிஸில் ஓவியர்கள் குடியிருக்கும் மோன்பர்னாஸ் பக்கம் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சிதோனி வெர்னியே. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் மாடல்கள் மரியாதைக்காக மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்களுக்கான ஓவிய வகுப்பில் பதினொரு வருடமாக மாணவிகளின் தலைவி. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மாடல்கள் வருவார்கள். ஒவ்வொருவராக உடையைக் களைந்து மேடையேறி ஒரு சுற்றுத் திரும்பி நிற்க, நாங்கள் கை தூக்குவோம். யாருக்கு அதிகக் கையோ அந்த வாரம் அவளுக்கு. அவள் பெயரை நோட்டில் எழுதி, பக்கத்தில் எதற்கு ஆவாள் என்று குறிப்பது என் வேலை. இத்தாலியப் பெண்கள் என்றால் 'மாதா'. செம்பட்டை முடி என்றால் 'மகதலா மரியாள்'. பொன்னிற முடியும் வெளுத்த தோலுமாக இருந்தால் 'வீனஸ்'. யூதப் பெண் ஒருத்தி வருவாள், அவளுக்கு 'தலை வெட்டும் யூதித்து'. அவள் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவள், கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயக்கம் போட்டுவிடுவாள் என்பது வேறு விஷயம். நோட்டில் அதற்கு இடமில்லை.

லியோகாடி மர்த்தினிக் தீவுக்காரி, கறுப்பு நிறம், இருபத்துமூன்று வயது, தையல் வேலை பார்த்தாள். கையுறை போடாமல் தெருவில் இறங்க மாட்டாள். முதல் திங்கட்கிழமை அவள் மேடையேறியபோது ஒரு நிமிடம் யாரும் கை தூக்கவில்லை. பிறகு எல்லாக் கையும் ஒன்றாக எழுந்தது. நான் நோட்டில் 'அடிமை, அந்தப்புரம்' என்று எழுதினேன். அவள் அங்கியை மாட்டிக்கொண்டு வந்து, எதிரே நின்றபடி, தலைகீழாகவே அதைப் படித்துவிட்டாள்.

"அடிமையா? எங்கப்பா பள்ளிக்கூட வாத்தியார், மதாம்."

"இது யாரு என்ன வேலைன்னு எழுதுற நோட்டு இல்லம்மா. உருவத்துக்கு எது பொருந்துமோ அத எழுதுறது."

"அப்ப உங்க உருவத்துக்கு என்ன எழுதுவாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஆண், உங்களுக்கு இது விளங்குமோ என்னவோ. என் இளமையில் பெண் ஒருத்தி உடம்பைப் பார்த்து வரைய வேண்டும் என்றால் வெட்கம் கெட்டவள் என்றார்கள். அரசாங்கக் கலைப்பள்ளிக் கதவு ஆண்களுக்கு மட்டும். நாங்கள் பூச்சாடியும் பூனைக்குட்டியும் வரையலாம். ஆனால் பதக்கம் கொடுப்பதோ நிர்வாண உருவத்துக்கு. எத்தனை மனு எழுதியிருக்கிறேன், எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். நானூறு வருடமாக ஆண்கள் சலவைக்காரியை நிற்கவைத்து வனதேவதை என்றார்கள், வேலைக்காரியைப் படுக்கவைத்து சுல்தானின் ஆசைநாயகி என்றார்கள். யாரும் அவர்களை உங்கள் முன்னால் கொண்டுவந்து உட்காரவைக்கவில்லை. நான் செய்ததும் அதேதான். என் கையில் தூரிகை வந்ததும்தான் எல்லோருக்கும் நியாயம் ஞாபகம் வருகிறது.

அந்த வாரம் முடிந்ததும், என் சொந்தப் படம் ஒன்றுக்காக அவளை என் ஓவியக்கூடத்துக்கே வரவைத்தேன். படத்துக்கு 'சுல்தானின் உறக்கம்' என்று பெயர். தூங்கும் எஜமானின் கட்டிலருகே நிர்வாணமாக ஒரு கறுப்பு அடிமைப்பெண், முதுகுக்குப் பின்னால் மறைத்த கத்தி. நான் கிழக்கே லியோன் நகரத்தைத் தாண்டிப் போனதில்லை. கம்பளம் வாடகைக் கடையில் எடுத்தது. சுல்தான் எங்கள் தெரு கரிக்கடைக்காரர். தலையில் துண்டைச் சுற்றிப் படுத்தவர் நிஜமாகவே தூங்கிவிடுவார், குறட்டைச் சத்தத்தில் லியோகாடிக்குச் சிரிப்பு வந்து நிலை கலைந்துவிடும்.

"என் கையில கத்தி குடுத்தா தையல் பிரிக்கத்தான் தெரியும், மதாம்," என்பாள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு. அப்போது மேடையிலேயே அங்கியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பிரசவம் பற்றிய பாடப்புத்தகம் படிப்பாள். மருத்துவச்சிப் பள்ளியில் சேருவதற்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். மாடலாக நின்றதே அதற்காகத்தான். ஒரு வருடம், தினமும் நாலு மணி நேரம் நின்றாள்.

வகுப்பில் சனிக்கிழமை திருத்த வரும் பேராசிரியர் பஸ்கியே ஒருநாள் வந்து படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உடம்பு சரி. கண்ணு யாரோ கன்னியாஸ்திரீயோட கண்ணு மாதிரி இருக்கே. இவ கண்ணுல காடு தெரிய வேணாமா?"

"எந்தக் காடு, ஐயா?" என்று மேடையிலிருந்து கேட்டாள் லியோகாடி. "நான் டவுன்ல பொறந்தவ. எங்க ஊர்ல நாடகக் கொட்டகை இருக்கு, டிராம் வண்டி ஓடுது."

பேராசிரியர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் நிற்பவள் பேசினால் யாரும் பார்ப்பதில்லை, அது வழக்கம். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அவளை எவ்வளவு முறைக்கச் சொன்னாலும் கண்ணில் சிரிப்பும் தூக்கமும்தான் வந்தன. ஆகவே மிருகக்காட்சிச் சாலைக்குப் போனேன். நாலு நாள் காலையில் சிறுத்தைக் கூண்டின் முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் கண்ணை வரைந்துவந்து லியோகாடியின் முகத்தில் வைத்தேன். மிக நன்றாகப் பொருந்தியது. அவளிடமே வேடிக்கையாகச் சொன்னேன். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் தேர்வில் தேறிவிட்டாள். அக்டோபரில் பள்ளி. சேருவதற்கு நன்னடத்தைச் சான்று வேண்டும், அதற்கு வட்டாரத்தில் குடியிருக்கும் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. இதை எழுத்தர் தவறாமல் குறித்துக்கொள்ளட்டும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மதாம்," என்றாள் அன்றைக்கு. "படத்துல மூஞ்சிய மாத்திருங்க. பள்ளிக்கூடத்துல யாராச்சும் பாத்துட்டா, புள்ளத்தாச்சி பொண்ணு எவ என்னை நம்பிக் கூப்பிடுவா?"

மாற்றுகிறேன் என்றேன். மாற்றவில்லை. நல்ல முகம், ஐயா. அதை அழித்துவிட்டு வேறு எதை வைப்பது?

மே மாதக் கண்காட்சியில் என் படத்தை நடுவர்கள் சிற்றுண்டிச் சாலைக்குப் போகும் வழியில், கதவு மறைவில் மாட்டினார்கள். பக்கத்து அறையில் ஆண்கள் வரைந்த ஏழு குளிக்கும் பெண்கள் நல்ல வெளிச்சத்தில் இருந்தார்கள். என் படத்தைத் தாண்டி எல்லோரும் காபி குடிக்கப் போனார்கள். பதக்கப் பட்டியலில் என் பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லியோகாடி வந்தாள். கையுறை, தொப்பி, மாதா கோயிலிலிருந்து நேராக. நான் வகுப்பு மாணவிகள் இரண்டு பேருடன் நின்றிருந்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கத்தாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒரு வருஷம் நின்னேன். இதுல நான் எங்கயுமே இல்ல, மதாம். நீங்க என்னைப் பாக்கவே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எறக்கிடுங்க," என்றாள். கண்காட்சிக் காவலர் திரும்பிப் பார்த்தார். மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில் ஒருத்தி சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை படம் கிழிந்திருந்தது. இரண்டு கண்களின் குறுக்கே ஒரே கோடு. கீழே ஒரு தையல் கத்தரிக்கோல் கிடந்தது. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. தையல் பெண்கள் அடையாளத்துக்கு அப்படிச் சுற்றி வைப்பார்கள். இது யாருடையது என்று போலீசார் கேட்டார்கள். லியோகாடியுடையது என்றேன், அது உண்மை. படத்தைப் பார்த்து அவள் கோபப்பட்டாளா என்றார்கள். அழுதாள், இறக்கச் சொன்னாள் என்றேன், அதுவும் உண்மை. காவலரும் அதையே சொன்னார். கிழித்தது யார் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கத்தரிக்கோலை அவள் என் ஓவியக்கூடத்தில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். காலையில் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பத்து மணிக்குக் காவலர் காபிக்குப் போவார் என்று மூன்று வாரமாகப் பார்த்து வைத்திருந்தேன். கீறினேன், கத்தரிக்கோலைக் கீழே போட்டேன், அடுத்த அறையில் அந்த ஏழு குளிக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்குள் என் படத்தின் முன்னால் நிற்க இடமில்லை.

அக்டோபர் வந்தால் அவள் பள்ளிக்குப் போய்விடுவாள் என்று தெரியும். அடுத்த படத்துக்கு எனக்கு அவள் வேண்டியிருந்தது. ஜெயிலுக்குப் போவாள் என்று முதலில் நினைக்கவில்லை. பள்ளியில் பெயரை அடித்துவிடுவார்கள், வேறு வழியில்லாமல் மேடைக்குத் திரும்பி வருவாள், அவ்வளவுதான் கணக்குப் போட்டேன்.

நீதிமன்றத்துக்குப் படத்தைத் தைத்து ஒட்டிக் கொண்டுவந்து, நீதிபதிகளுக்கு எதிரே சாய்த்து வைத்தார்கள். அதுவரை என் படம் அவ்வளவு நல்ல வெளிச்சத்தில் இருந்ததில்லை. லியோகாடி அதே கையுறையும் தொப்பியுமாகக் கூண்டில் ஏறினாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்களுக்கு ஏமாற்றம்.

"இவளா? பாத்தா டீச்சர் மாதிரி இருக்காளே," என்றாள் எனக்குப் பின்னால் ஒருத்தி.

"துணி போட்டிருக்கால்ல, அதான் அடையாளம் தெரியல," என்றாள் இன்னொருத்தி.

அரசு வழக்கறிஞர் குச்சியால் படத்தைக் காட்டினார். இந்தக் கண்களைப் பாருங்கள், ஓர் ஓவியரின் கூர்மையான பார்வை முன்கூட்டியே கண்டுகொண்டதைத்தான் பிறகு கத்தரிக்கோல் நிரூபித்தது என்றார். மூன்று நீதிபதிகளும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைத்தான் பார்த்தார்கள்.

லியோகாடி எழுந்து நின்றாள். "அது என் கண்ணு இல்லீங்க. மிருகக்காட்சிச் சாலைச் சிறுத்தையோட கண்ணு. மதாமையே கேளுங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

மன்றம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னது பதிவில் இருக்கிறது. "நான் கண்ணால் காணாத எதையும் வரைந்ததில்லை. எல்லாம் மாடலைப் பார்த்து வரைந்ததுதான்." அவள் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஒன்றரை வருடம் கொடுத்தார்கள். செய்தித்தாள்கள் அவளுடைய படத்தைப் போடவில்லை, என் ஓவியத்தை அச்சில் போட்டு, கீழே அவள் பெயரை எழுதின. பள்ளியில் அவளுடைய இடம் வேறொரு பெண்ணுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். தண்டனை பெற்றவளுக்கு இனி நன்னடத்தைச் சான்று கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

ஐந்து மாதம் கழித்து ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். போன வாரம் ஒரு விமர்சகர் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். இந்தப் படத்தில் உயிருள்ள கோடு ஒன்றே ஒன்றுதானாம். அதைப் போட்டவள் ஓவியர் அல்ல, மாடலாம். பாரிஸ் முழுவதும் இதைச் சொல்லிச் சிரிக்கிறது. இருபது வருடம் உழைத்தவள் நான். அந்தக் கோடும் என்னுடையது. அதை இன்னொருத்தி பெயரில் விட்டுவைக்க மாட்டேன்.

நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவளை இதே நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தது நீங்கள்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தன் அறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பக்கத்து வீட்டில் விசாரிக்க ஒரு போலீஸ்காரரைக்கூட நீங்கள் அனுப்பவில்லை. என் படத்தைப் பார்த்ததே உங்களுக்குப் போதுமாக இருந்தது. கத்தியை அவள் கையில் கொடுத்தது நான் என்றால், அதை நிஜம் என்று முத்திரை குத்தியது நீங்கள். என்மேல் மட்டும் பழி போட்டுவிட்டுப் போகலாம் என்று பார்க்காதீர்கள்.

எழுத்தர் இதைத் தனியாக எழுதட்டும். படத்தைக் கீறியது நான். கத்தரிக்கோலைப் போட்டது நான். மன்றத்தில் பொய் சொன்னது நான். லியோகாடி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

அவளை வெளியே விடும்போது நான் சொன்னதாக ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாணவிகள் முன்னால் என்னைப் பார்த்து அவள் சொன்ன சொல்லை, நான் மன்னித்துவிட்டேன்.