நாலு பேருக்கு ஒரு பம்பு

சில்லு! அடி சில்லு! நீ நிற்க வேண்டிய இடத்தில் அக்கா நிற்கிறேன். உன் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்த மைக்கை இன்னும் யாரும் உயர்த்தவில்லை. அதனால் குனிந்துதான் பேசுகிறேன், உன் காதோடு பேசுவது போல.

முறையாகத் தொடங்குக்கா என்பாய். தொடங்குகிறேன்.

விடியுமுன் எழுந்து வீடு வீடாகப் பால் ஊற்றிய களைப்போடு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பால்கார அம்மா அவர்களே! நரைத்த தலையும் நடுங்கும் காலுமாக வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் நெஞ்சில் பாரமுமாக ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! என்னோடு பஞ்சைச் சுவாசித்துப் பஞ்சையே இருமுகிற பட்டறைத் தோழிகளே! சுகாதார அதிகாரி வந்து அமர்வார் என்று நாம் துடைத்துப் போட்டு, இந்த நேரம் வரை காலியாகவே இருக்கும் நாற்காலியே! உனக்கும் என் வணக்கம்.

என்னம்மா, பின்னால் கேட்கவில்லையா? சரிம்மா. இன்னும் கிட்டத்தில் வைத்துப் பேசுகிறேன்.

நான் பேசத் தெரிந்தவள் இல்லை. நாலாம் வகுப்போடு நின்றவள். கோணி ஊசி பிடிப்பேன், மெத்தைக்கு ஓரம் தைப்பேன், அவ்வளவுதான். பேச்செல்லாம் என் தங்கைக்கு. பட்டறையில் அவள் பஞ்சடிக்கிற மிஷினில் நிற்பாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்து தைப்பேன். அந்த மிஷின் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி மேடைப்பேச்சு பழகுவாள். "பஞ்சுக்கு விலை உண்டு, பஞ்சை வாங்கிக்கொள்ளும் நெஞ்சுக்கு விலை இல்லையா? ஊர் படுக்க மெத்தை தைப்பவள், படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடிய வேண்டுமா?" என்று முழங்குவாள்.

"மொதல்ல கையைப் பாருடி, பெல்ட்டுல மாட்டிக்கப் போவுது" என்பேன்.

"கை போனா போவட்டும்க்கா, வாய் இருக்குல்ல" என்பாள்.

கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இன்று என் பேச்சில் அழகாக ஏதாவது காதில் விழுந்தால் அது அவளுடையது. திக்குவது மட்டும் என்னுடையது.

எங்கள் பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். மெத்தையைத்தான் பார்த்திருப்பீர்கள். உள்ளே வந்தால் பல்பு பஞ்சுத் தொப்பி போட்டிருக்கும். டீ டம்ளருக்கு மூடி போடாவிட்டால் பஞ்சையும் சேர்த்துக் குடிக்க வேண்டும். ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. தூசி தெருவுக்கு வருகிறது என்று அக்கம்பக்கத்தார் சண்டை போட்டதால் முதலாளி அதையும் சாக்கு வைத்து அடைத்துவிட்டார். தெருவுக்கு ஆகாத தூசி எங்களுக்கு ஆகும் போலிருக்கிறது!

எங்களில் நாலு பேருக்கு இளைப்பு. நாலில் ஒருத்தி என் தங்கை. இன்னொருத்தி, உயரத்தைப் பார்த்து நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிற தோழி. கடைத்தெருக் கோடியில் சுகாதார நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. நாங்கள் வேலைக்குள் போன பிறகு திறப்பார்கள். நாங்கள் வேலை விட்டு வருவதற்குள் பூட்டுவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுப் போய் நின்றால், மருந்து ஜன்னலுக்கு உள்ளிருந்து ஒரு குரல் வரும். "பம்பு ஸ்டாக் இல்லம்மா, வெளியில வாங்கிக்க."

பம்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாயில் வைத்து, மேலே அழுத்தி, உள்ளே இழுத்துக்கொள்ளும் மூச்சு மருந்து. இளைப்புக்காரருக்கு அதுதான் உயிர். அதை வெளியில் வாங்கினால் அந்த வாரம் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். அதனால் நாலு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பம்பு வாங்கினார்கள். மெத்தைத் துணியில் நாடா கிழித்துக் கட்டி, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். யாருக்கு மூச்சு முட்டுகிறதோ அவள் எடுப்பாள், இழுப்பாள், வெந்நீரில் பம்பின் வாயைக் கழுவித் திரும்ப மாட்டுவாள்.

யார் எத்தனை தடவை இழுக்கலாம்? அது எப்போது தீரும்? சொல்ல வேண்டியவர்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். குலுக்கி அழுத்துவோம். புஸ் என்றால் மருந்து இருக்கிறது.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் என் தங்கை.

"மாப்பிள்ளை எங்கடி?"

"இப்பத்தான் நெட்டைகிட்டப் போனாரு."

"ஏண்டி, நாலு பேருக்கு ஒரே மாப்பிள்ளையா? வெளியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டுமே. எனக்குப் பார்த்த மாப்பிள்ளைங்கள்ல கூப்பிட்ட நேரத்துக்கு வர்றவரு இவரு ஒருத்தருதான். குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு, எதிர்த்துப் பேச மாட்டாரு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். சிரித்தால் அந்த நாலு பேருக்கும் இருமல் வரும். இருமினால் மாப்பிள்ளை வருவார்.

போன கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இதே மேடை, இதே மைக். இந்த நாற்காலியில் அன்று அதிகாரி இருந்தார். என் தங்கை பேசினாள். என்ன பேச்சு! சந்துக்குள் இருந்தவர்கள்கூட வாசலுக்கு வந்து நின்றீர்கள். பாதியில் அவளுக்கு மூச்சு முட்டியது. நான் கீழே இருந்து இறங்கி வா என்று கையைக் காட்டினேன். அவளா இறங்குவாள்? பம்பை எடுத்தாள். மைக்குக்கு முன்னாலேயே வாயில் வைத்து அழுத்தினாள். புஸ் என்று ஒலிபெருக்கியில் தெருக்கோடி வரை கேட்டது.

"கேட்டுச்சுங்களா ஐயா? நாலு பொம்பளைங்க பங்கு போட்டுக்கிற மூச்சு இது!"

அடேயப்பா, எத்தனை கைதட்டல்! அதிகாரியும் தட்டினார். தட்டிவிட்டு எழுந்தார். இனி மாலையிலும் சுகாதார நிலையம் திறந்திருக்கும், பம்பு இலவசமாகக் கிடைக்கும், ஆவன செய்கிறோம் என்றார். அதற்கும் தட்டினோம். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தாள். "பார்த்தியாக்கா, பேசினா நடக்கும்க்கா."

அடுத்த வாரம் பட்டறையில் புது மூட்டை பிரித்தார்கள். பழைய பஞ்சு, புழுதி அதிகம். வேலை விடும்போதே அவளுக்கு விலா எலும்பு இழுத்தது. நெட்டைதான் ஆணியிலிருந்து பம்பை எடுத்து, "நீ கொண்டுபோடி, எனக்கு இன்னைக்குப் பரவாயில்லை" என்று கையில் திணித்தாள். வழியில்தானே சுகாதார நிலையம் இருக்கிறது, இனி மாலையிலும் உண்டு என்று சொல்லியிருக்கிறாரே என்று நம்பிப் போனோம்.

கேட் பூட்டியிருந்தது.

காவல்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். "எல்லாரும் போயாச்சும்மா. காலையில வாங்க."

"மூச்சு காலையில வரைக்கும் நிக்குமாண்ணே?" என்றேன்.

சாவி அவரிடம் இருந்தது. டாக்டர் அவரிடம் இல்லையே, பாவம்.

கேட்டுக்கு வெளியே கல்லில் உட்காரவைத்தேன். பம்பை எடுத்து அழுத்தினாள். புஸ் என்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். அதற்கும் புஸ். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்து, "தேவலக்கா" என்றாள். "இதை நெட்டைகிட்டக் குடுத்துடு, அவளுக்கு வேணும்" என்றாள். அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மைக்கும் இல்லை, கைதட்டலும் இல்லை.

உதடு நீலமானதும் நான் கத்தினேன். பழக்கார அண்ணன் கூடை கூடையாகப் பழத்தைத் தெருவில் இறக்கிப் போட்டுவிட்டுத் தள்ளுவண்டியைக் கொடுத்தார். அண்ணே, நீங்கள் அந்தக் கம்பத்தோரம் நிற்பது தெரிகிறது. உங்களுக்கு என் கும்பிடு. நீங்கள் கண்ணைத் துடைக்க வேண்டாம் அண்ணே, உங்களால் ஆனதை நீங்கள் செய்தீர்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு பெரிய சாலைக்குப் போய், ஒரு வாடகை வண்டியை மறித்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அங்கே ஒரு நர்ஸம்மா, இறுக மூடியிருந்த அவள் கையிலிருந்து பம்பைப் பிரித்து எடுத்தார். என் கையில் கொடுக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, எத்தனை பேர் உபயோகித்தீர்கள், எப்போது வாங்கியது என்று கேட்டார். சொன்னேன். பம்பைக் குலுக்கிப் பார்த்தார்.

"இதுல மருந்து எப்பவோ தீர்ந்துபோச்சும்மா" என்றார்.

"இல்லம்மா, சத்தம் வருதே" என்றேன். வாங்கி அழுத்திக்கூடக் காட்டினேன்.

"சத்தம் வரும்மா. மருந்து தீர்ந்தப்புறமும் உள்ள இருக்கிற வாயு தள்ளிக்கிட்டுதான் இருக்கும். வெறும் காத்தும்மா இது. இத்தனை தடவைதான்னு கணக்கு உண்டு. நாலு பேரு இழுத்தா சீக்கிரமே தீர்ந்துடும். யாரும் சொல்லலையா உங்களுக்கு?"

யார் சொல்வார்கள்? சொல்லுங்கள் பெரியோர்களே, எங்களுக்கு யார் சொல்வார்கள்? நாங்கள் போகும் நேரத்தில் எந்தக் கதவு திறந்திருந்தது? எந்த ஜன்னலில் ஒரு முகம் இருந்தது? எந்த முகத்துக்கு எங்களோடு பேச நேரம் இருந்தது?

அப்படியானால் அன்று இந்த மைக்கில் நீங்களும் நானும் கேட்டோமே, அது என்ன? அதுவும் காற்றுதானோ? காற்றுக்கா அத்தனை கைதட்டல் தட்டினோம்?

எனக்கு இப்போது எல்லாமே அந்தப் பம்பாகத் தெரிகிறது. அதிகாரி எழுந்தார், சத்தம் வந்தது, மருந்து வரவில்லை. ஆவன செய்கிறோம் என்றார், சத்தம் வந்தது, மருந்து வரவில்லை. நாம் கூடினோம், முழங்கினோம், கை சிவக்கத் தட்டினோம். சத்தம் வந்தது, சத்தம் வந்தது, சத்தம் மட்டும்தான் வந்தது!

தட்டாதீர்கள்! தயவுசெய்து தட்டாதீர்கள். இதற்கும் தட்டினால் நான் இறங்கிப் போய்விடுவேன்.

தைரியம் சொல்ல நான் வரவில்லை. அது என்னிடம் இல்லை. வீட்டில் அவள் பாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன், விரிக்கவும் முடியவில்லை, எடுத்து வைக்கவும் முடியவில்லை. பட்டறையில் அவள் மிஷினில் வேறொருத்தி நிற்கிறாள். அவளும் இரும ஆரம்பித்துவிட்டாள். நெட்டையும் மற்ற இருவரும் புதுப் பம்பு வாங்கி அதே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். முன்பு நாலு பேருக்கு ஒன்று, இப்போது மூன்று பேருக்கு ஒன்று. என் தங்கை செத்ததில் அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். ஆளுக்குக் கொஞ்சம் கூடுதல் மூச்சு. அதை மாப்பிள்ளை என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுவிட்டு இறங்குகிறேன். பெரியோர்களே, உங்களுக்கு வேலை மணி இல்லை. நாளைக்கு சுகாதார நிலையம் பூட்டுவதற்கு முன்னால் போய் உள்ளே பெஞ்சில் உட்காருங்கள். கோஷம் வேண்டாம், சண்டை வேண்டாம். சத்தம் போட்டதெல்லாம் போதும். சும்மா உட்காருங்கள். பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களே, நீங்களும் போங்கள். பூட்ட வந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, வேலைக்குப் போனவர்கள் இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். பட்டறை விட்டதும் நாங்கள் வந்துவிடுகிறோம். ஆள் உட்கார்ந்திருக்கிற அறையை எப்படிப் பூட்டுவார்கள்? நாளைக்கு, மறுநாளைக்கு, அதற்கும் மறுநாளைக்கு உட்காருவோம். ஒரு டாக்டர் வந்து, இது இத்தனை தடவைதான் அம்மா, தீர்ந்தால் இங்கே வா, வேறு தருகிறேன் என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வரைக்கும் உட்காருவோம்!

வருவீர்களா? எனக்குத் தெரியாது. வந்தால் நடக்குமா? அதுவும் தெரியாது. ஒருவேளை ஒன்றுமே நடக்காது. நடந்தாலும் என் வீட்டுக்கு எதுவும் திரும்பி வராது. யாருமே வராவிட்டால் அந்தக் கல்லில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பழகிய இடம்.

பேசத் தெரியாதவளை மேடை ஏற்றிவிட்ட தலைவி அம்மாவுக்கும், கை தட்டாமல் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. இருக்கிற மூச்சில் ஒரு வணக்கம்.

சில்லு, ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அந்தக் கேட் முன்னால் ரெண்டு தடவை அழுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, தேவலக்கா என்றாயே. நெஜமாவே தேவலையா இருந்துச்சாடி?