தங்கையா ஏற்றிய புது டாஸ்

மாலை ஏழு மணி இருக்கும். திரிங்காப் என்ற மலையூர்ப் பக்கம், தேயிலைக் காட்டைச் சுற்றிப் போகும் மண் ரோடு. லாரிகள் இறங்கிப் போய்விட்ட நேரம்... முழங்கால் வரை பனி. ரோட்டின் கோடியில், தோட்டத்து ஆபீசில் மட்டும் ஒரு விளக்கு.

இது எனக்கு நடந்ததில்லை. என் மாலை வகுப்புத் தோழி ஜெயாவின் அண்ணன் தங்கையாவுக்கு நடந்தது. ஜெயா சொன்ன அன்றே வரிசையாக டைரியில் எழுதிவிட்டேன். ஆனாலும் எதையாவது விட்டிருப்பேனோ என்று சந்தேகம்... நெருங்கி உட்காருங்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம். தங்கையா தோட்டத்து ஆபீசில் தற்காலிகக் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவர். அவருடைய அம்மா கொழுந்து எடுப்பதை அந்த மாதத்தோடு நிறுத்துகிறார். வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இருந்தால்தான் தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் பழையது. செத்துப்போன நல்லுசாமி கிராணி காலத்துப் பெட்டி. தோட்டத்து மேனேஜர் துரை அதற்குப் புது டாஸ், அதாவது கம்ப்யூட்டரை ஓட்டும் புரோகிராம், டிஸ்க்குகளில் வாங்கிக் கொடுத்தார். காலைக்குள் ஏறி ஓடினால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் ஆபீஸ் வேலை முழுவதும் கம்போங் ராஜா ஊரில் உள்ள ஆபீசுக்குப் போய்விடும் என்றார். விற்ற கடைக்காரரோ, "அந்தக் கிழட்டு மெஷினுக்கா? ஏறாது லா. நாங்க பொறுப்பில்ல" என்று சிரித்திருந்தார்.

வாட்ச்மேன் முனியாண்டி எட்டிப் பார்த்தார்.

"என்ன கிராணியாரே, பொட்டி இன்னும் அடம் புடிக்குதா?"

"அது கேக்குது, நான் குடுக்குறேன்ணே. பாதியில நின்னு திரும்ப மொதல்லேர்ந்து கேக்குது."

"மாமியார் வீடு மாதிரி லா."

சிரித்துக்கொண்டே அவர் ஆலைப் பக்கம் போய்விட்டார்.

டிஸ்க்கைச் செருகினால்... கர்ர்... கர்ர்... டக். அடுத்த டிஸ்க்கைப் போட்டு ஒரு விசையை அழுத்து என்று திரை கேட்கும். அழுத்துவார். மறுபடி கர்ர்... நின்றுவிடும். கடைசியில், எழுத்தைப் படிக்கும் முன்பே விரல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆலையில் கொழுந்து வாட்டும் காற்றாடிகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. நனைந்த கம்பளியின் வாடை.

"தங்கையா..."

முதுகுக்குப் பின்னால். மிக அருகில்.

"ஆங், வரேன்."

சொல்லிவிட்டார்.

இருட்டிய பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாவது தடவை வரை வாய் திறக்கக் கூடாது; பேயால் மூன்று தடவை கூப்பிட முடியாது. லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பெட்டி கேட்டவுடன் பதில் கொடுத்துப் பழகிய விரலோடு வாயும் சேர்ந்துகொண்டது...

இரண்டாவது தடவை கூப்பிடவே இல்லை.

பெட்டி தானாக ஓடத் தொடங்கியது. எந்த டிஸ்க்கையும் கேட்கவில்லை. நிற்காமல் ஓடி முடித்தது. திரையில் புது டாஸ்.

இவ்வளவையும் அன்று இரவே அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். தலை நிமிரவில்லை. சோறு போட்டவள் ஜெயா. வீடு நிலைத்தது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கதவு தட்டும் சத்தம்.

"அம்மா... கதவத் தொறங்க."

தங்கையாவின் குரல்.

உள்ளே இருந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அம்மா... பொட்டி ஓடிருச்சும்மா. வீடு நமக்குத்தான்."

அம்மாவின் கை ஜெயாவின் கையை இறுக்கியது.

"அம்மா... குளிருது."

மூன்று தடவை. ஜெயா எழுந்தாள்.

"தொறக்காத" என்றார் உள்ளே இருந்தவர், மெதுவாக.

யாரும் திறக்கவில்லை.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறார்கள். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது என்ன இருந்தது என்று ஜெயாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. இரண்டும் அண்ணனுடையவை. இரண்டிலும் இடது வார் அறுந்து, ஒரே சிவப்பு நூலில் தைத்திருந்தது.

"அண்ணன் வேலைக்குக் கெளம்பி வந்தாரு. ரெண்டையும் ரொம்ப நேரம் பாத்தாரு..." என்றாள் ஜெயா. "அப்புறம், இதுல எது என்னோடதுன்னு என்னையக் கேட்டாரு."