காலைத் தூக்கிய பிறகு விழும் குத்து

பெயர்: எலெயுத்தேரியோ சமர்ரிப்பா. வயது: 54. தொழில்: லாரி டயர் பஞ்சர் ஒட்டுவது. படிப்பு: எட்டாவது, அதில் ஏழாவது மட்டும் இரண்டு முறை. விலாசம்: ரயில்வே காலனி, வில்யா ஒர்த்தேகா, மெக்சிகோ.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி ஒப்துலியாவுடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் ஒரே மகன் நெரேயோ, வயது 22, என் கடையில் வேலை பார்த்துக்கொண்டே வீடியோ கேம் சண்டைப் போட்டிகளுக்குப் போய் வந்தான். அவன் ஆடும் ஆளுக்கு ஒரு பெரிய குத்து உண்டு. அதற்கு ஆட்டப் பலகையில் இருக்கும் கம்பியைக் கீழே தள்ளி முன்பக்கம் உருட்டி, மறுபடியும் அப்படியே உருட்டி, அந்த வேகத்திலேயே குத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். கண் சிமிட்டும் நேரம் பிந்தினாலும் வராது. கடையில் டயர் கழற்றும் நெம்புகோல் விழுந்து அவனுடைய மோதிர விரல் கோணிப்போயிருந்ததால், அந்த விரல் முதலில் உதைப் பொத்தானில் உரசிவிடும். ஆகவே அவன் ஆள் இடது காலை லேசாகத் தூக்கிவிட்டு அப்புறம்தான் குத்துவான். “உன் ஆளை எறும்பு கடிச்சிருச்சாடா?” என்று போட்டிகளில் கேலி செய்வார்கள்.

அந்தக் காலை அடக்குவதற்காகத் தினமும் சாப்பாட்டுக்கு முன் பயிற்சி எடுப்பான். எதிரே நின்று அடி வாங்க என்னை உட்கார வைப்பான். “அப்பா, நீ ஒண்ணும் பண்ணாத. சும்மா நில்லு. அதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல” என்பான். என் திறமைக்கு ஏற்ற வேலை கிடைத்தது என்று நானும் சிரித்துக்கொண்டே அடி வாங்கினேன். கால் அடங்கவில்லை.

சென்ற நவம்பரில், இறந்தோர் நாள் கழிந்த வாரம், பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் பஸ் ஏறியவன் திரும்பி வரவில்லை. புகார் கொடுத்தேன். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு முன், நெடுஞ்சாலையோரம் கிடந்த உடலில் அவனுடைய போட்டிச் சட்டை இருந்ததாகச் சொல்லி ஒரு மூடிய பெட்டியை ஒப்படைத்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். அடக்கம் செய்தோம்.

அதன் பிறகு வீட்டில் பொத்தான் சத்தம் இல்லை. “அந்த டக்டக் இல்லாம எனக்கு அடுப்புல கை ஓடல. நீயாவது தட்டேன்யா” என்று மனைவி சொன்னதால், நான் மாலைகளில் நெட்டில் ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆடினேன், அதாவது உதை வாங்கினேன்.

இந்த மே மாதம் ஒரு ஞாயிறு மதியம், எதிராளியின் ஆள் பெரிய குத்துக்கு முன் இடது காலைத் தூக்கினான். அடுத்த குத்துக்கும் தூக்கினான். நான் கம்பியை விட்டுவிட்டேன். சத்தம் நின்றதால் மனைவி கையில் மாவோடு வந்து திரையைப் பார்த்தாள். “நெரேயோ” என்று சொன்னது அவள்தான், நான் இல்லை.

அதன் பிறகு ஹெட்போனில் ஒரு பெண் குரல், “ஐயா, தூங்கிட்டீங்களா? சும்மா நிக்கிற ஆளை அடிக்க எனக்கே பாவமா இருக்கு” என்றது.

“அந்தக் காலை ஏம்மா தூக்குற?”

“குத்தே அப்படித்தானே வரும்? எனக்குக் கத்துக்குடுத்தவன் அப்படித்தான் போடுவான். காலைப் பாத்து எதிராளி கீழ தடுப்பான், நாம மேல விடணும்னு சொல்வான்.”

அந்தப் பெண் பெயர் இடாலியா. வடக்கே ஒரு தக்காளிக் கொட்டகையில் பெட்டி கட்டியவர். அங்கே வாசலில் துப்பாக்கியோடு காவல் உண்டு. வருகிறவர்களின் போனையும் துணிமணியையும் வாங்கிக்கொண்டு, ஒருவர் துணியை இன்னொருவருக்குக் கொடுப்பார்களாம். சாப்பாட்டு அறையில் ஒரு பழைய கேம் பெட்டி இருந்தது. அதில் கற்றுக்கொடுத்த பையனை ஆந்தை என்று அழைத்தார்கள். சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. “அவங்கப்பா கதை மட்டும் சொல்வான். மாவு மூட்டை கணக்கா நிப்பாராம், அடிக்க அடிக்க சிரிப்பாராம்” என்றார். அந்த மாவு மூட்டை நான்தான் என்று உறுதி கூறுகிறேன்.

அது எப்போது என்று கேட்டேன். “மூணு ராஜா ரொட்டியில பொம்மை அவன் துண்டுலதான் வந்துச்சு. அப்ப காந்தெலாரியாவுக்கு எல்லாருக்கும் அவன்தானே தமாலே போடணும்? சோளமாவை அவனே பிசைஞ்சான். கல்லு தோத்துச்சு, போங்க” என்று சிரித்தார். ரொட்டியில் பொம்மை கிடைத்தவர் காந்தெலாரியா திருநாளில் தமாலே, அதாவது அவித்த சோளமாவு, போட வேண்டும் என்பது வழக்கம். மூன்று ராஜா நாள் ஜனவரியில் வருகிறது, காந்தெலாரியா பிப்ரவரியில். நாங்கள் அடக்கம் செய்தது டிசம்பரில்.

அதன் பிறகு தவக்காலத்தில் சிலரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றும், அதில் ஆந்தையும் இருந்தான் என்றும், எங்கே என்று தெரியாது என்றும் சொன்னார். அவர் ஈஸ்டர் சமயம் தப்பி வந்தவர். கொட்டகை உள்ள ஊரை, இதை எழுதிக்கொள்ளும் அலுவலரிடம் தனியே சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்காக இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கால் தூக்கும் சங்கதியை விட்டுவிடலாமா என்று அலுவலர் கேட்டார். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கிழவனின் கனவு என்று ஆகிவிடும், இருக்கட்டும் என்றேன்.

நான் கேட்பது, என் மகனைத் தேடும் விசாரணையை மறுபடி தொடங்க வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும். “அப்போ நான் கல்லறையில திங்கக்கிழமை தவறாம யாருக்கு மெழுகுவத்தி ஏத்துறேன்?” என்று மனைவி கேட்டாள். அந்தப் பெட்டியில் இருக்கும் பையனுக்கும் ஒரு தகப்பன் இருப்பான். அவனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அவன் எங்கள் கல்லறை இடத்திலேயே இருக்கட்டும், மெழுகுவர்த்தியை நிறுத்த மாட்டேன் என்று மனைவி சொல்லச் சொன்னாள்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) எலெயுத்தேரியோ சமர்ரிப்பா