மிதிக்க ஆளில்லாத மொறிஸ்

இரவு பதினொன்றே முக்கால். புரொஸ்பெக்ட் நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் றோட்டு... விளக்கு இல்லை, வீடு இல்லை. கதிரைகளைக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொள்ளுங்கள். இது நம் நிரஞ்சலாவின் சித்தப்பா டெனிஸுக்கு நடந்தது. அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். வேறு யாரிடமும் சொல்ல அவருக்கு வெட்கம்.

பழைய கார்க்காரர் சங்கத்தின் விருந்து முடிந்து, தன் பழைய மொறிஸ் மைனர் காரில் வந்துகொண்டிருந்தார். வழியில் அது டுப்... டுப்... என்று இருமத் தொடங்கியது. பச்சைப் பெற்றோல் மணம் வேறு. இழுத்துப் பறித்து வென்ட்வேர்த்வில் வீட்டுக் கராஜுக்குள் கொண்டுவந்து சேர்த்தபோது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

விடிந்தால், இறந்துபோன நண்பர் ஜெயசிங்கத்தின் முப்பத்தோராம் நாள் பூசை. பூசை முடிந்ததும் தேவாலய வளவில் அந்த எஞ்சினை ஓடவிடும்படி ஜெயசிங்கத்தின் மனைவி மாக்கிறேட் கேட்டிருந்தார். ஜெயசிங்கத்துக்கு விருப்பமான சத்தமாம். டெனிஸ்தான் அதற்கு வைத்தியராம்.

வைத்தியர்! டெனிஸுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

கார் இருவரும் சேர்ந்து வாங்கியது. வெஸ்ட்மீட்டில் அடுக்குமாடியில் இருந்த ஜெயசிங்கத்துக்குக் கராஜ் இல்லை. அதனால் அது டெனிஸ் வீட்டில் நின்றது. சனிக்கிழமைகளில் ஜெயசிங்கம் வருவார். எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்து, ஒரு றப்பர் குழாயின் ஒரு நுனியைக் காற்றை உறிஞ்சும் காபிறேற்றர் வாயிலும் மறு நுனியைத் தன் காதிலும் வைத்து, எஞ்சின் மூச்சு விடுவதைக் கேட்பார். "கொஞ்சம் குடு" என்பார். உள்ளே இருக்கும் டெனிஸ் ஆக்சிலேற்றரை மிதிப்பார். "விடு" என்றால் காலை எடுப்பார். ஜெயசிங்கம் நட்டை ஒரு நூல் திருப்புவார். ஐந்து வருடமாக டெனிஸ் செய்ததெல்லாம் அந்த மிதி மட்டும்தான்.

சங்கத்தில் கோப்பை கிடைத்த அன்று, எஞ்சினை ரியூன் பண்ணியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று டெனிஸின் வாய் முந்திக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஜெயசிங்கம், கோப்பை வந்த மட்டைப்பெட்டியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமையும் வழக்கம்போல் வந்தார். அதைத்தான் டெனிஸால் தாங்க முடியவில்லை. சண்டை பிடித்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாமே.

இப்போது காலையில் வண்டி இருமினால் மாக்கிறேட்டின் முன்னால், அத்தனை சனத்தின் முன்னால் மானம் கப்பலேறிவிடும்.

பொனற்றைத் தூக்கினார். அது காரின் முன்கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றது. குழாயைக் காதில் வைத்தார். ஸ்ஸ்ஸ்... அவ்வளவுதான். நட்டை இங்கே திருப்பினார், அங்கே திருப்பினார். எஞ்சின் குலைப்பன் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளே மிதிக்க இன்னொருவர் வேண்டும். ஆக்சிலேற்றரைக் கையால் இழுத்துவிட எந்தக் கம்பி என்றுகூட அவருக்குத் தெரியாது. அழுகை வந்தது. பழக்கதோஷத்தில் வாய்க்குள் முணுமுணுத்தார்.

"கொஞ்சம் குடு..."

எஞ்சின் சத்தம் உயர்ந்தது.

டெனிஸ் அசையவில்லை. பெற்றோல் மணத்துக்குள் வேறொரு மணம்... ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும் ஜெயசிங்கத்தின் கையில் இருக்கும் ஸ்பிரிட் மணம்.

"விடு" என்றார். இறங்கியது.

சுற்றிப் போய்ப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. திரும்பவும் குனிந்தார். குடு... விடு... குடு... நட்டைப் பிழையான பக்கம் திருப்பினால் எஞ்சின் டக்கென்று இருமுறை உறுமும். மற்றப் பக்கம் திருப்புவார். இரண்டு மணிக்கு அது ஒரே சீராக ஓடியது.

காலையில் தேவாலய வளவு நிறையச் சனம். டெனிஸ் பொனற்றைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டார். பாதர்கூட, டெனிஸின் காது கடவுள் கொடுத்த காது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் எஞ்சின் சத்தம் தானாக ஒருமுறை இனிமையாக உயர்ந்து தாழ்ந்தது. அதையும் அவருடைய வித்தை என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். நானில்லை என்று சொல்ல டெனிஸ் வாயைத் திறந்தார். தலை மட்டும் குனிந்தது.

மாக்கிறேட் கைதட்டவில்லை. மெல்ல நடந்துபோய்ச் சாரதிப் பக்க ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் இருக்கையைப் பார்த்து அவர் சொன்னது, கிட்ட நின்ற டெனிஸுக்கு மட்டும்தான் கேட்டது.

"இஞ்சேருங்கோ, போதும், இறங்குங்கோ. எத்தினை நாளைக்கு இவரைக் காப்பாத்துவியள்?"

எஞ்சின் நின்றது. கைதட்டலும் நின்றது. பிறகு... சாரதிப் பக்கம் கார் மெல்ல இரண்டு விரற்கடை மேலே எழும்பியது, உள்ளே இருந்த பாரமான ஒருவர் இறங்கினால் எழும்புவதுபோல.