ஒன்றரைச் சுற்று

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

பழைய வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் தொழில். முப்பத்தொரு வருடமாகச் செய்கிறேன். கரண்ட் வழிதவறி ஒரு மெஷினின் உடம்பில் ஏறிவிட்டால், ஆளைத் தாக்கவிடாமல் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பிதான் எர்த். அது இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும், மிக்ஸி ஓடும். அதனால் அதை யாரும் மதிப்பதில்லை. அது இல்லை என்று சொல்லப் போகிறவனையும் மதிப்பதில்லை.

அண்ணன் வீடு அப்பா கட்டியது. அந்தக் காலத்தில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகும், கரண்டும் கூடவே போகும். பிறகு அண்ணன் இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார். கம்பியை மட்டும் அதே இடத்தில் மறுபடி கட்டி வைத்திருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. போன வருடம் என் மீட்டரை வைத்துப் பார்த்தேன். எர்த் இல்லை. அளவு, தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு ஒரு தாளை அண்ணன் கையில் கொடுத்தேன்.

அண்ணன் சிரித்தார். அவருக்கு நான் தம்பி இல்லை, 'மீட்டர்'. உடனே தெருமுனைக் கடையிலிருந்து ஒரு வயர்மேனைக் கூட்டி வந்தார். அந்த ஆள் பின்னறையில் வாஷிங் மெஷினின் பிளக் பாயிண்டைத் திறந்து, எர்த் முனையையும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டுச் சோதனை பல்பை வைத்துக் காட்டினான். பளிச்சென்று எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பல்புக்கு எர்த்தும் நியூட்ரலும் ஒன்றுதான்.

"ஏம்ப்பா மீட்டர், பல்பு எரியுது. உன் காகிதத்துல மட்டும் எரியலையோ?" என்று இரண்டு மருமகன்கள் முன்னால் கேட்டார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு என் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினின் முன்காலுக்கு அடியில் செருகினார். "ஆட்டம் நின்னுடுச்சு. உன் காகிதத்துக்கும் ஒரு உபயோகம் கிடைச்சாச்சு."

சிரிக்காதவர் அண்ணி ஒருவர்தான். "தம்பி சும்மா சொல்ல மாட்டார்" என்றார். அன்றிலிருந்து ரப்பர் செருப்பு போட்டு, ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுதான் மெஷினைத் தொடுவார். "துணி துவைக்கப் போறியா, மலையேறப் போறியா?" என்று அண்ணன் கேலி செய்வார். அண்ணி காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்தத் துண்டு வயரின் ஆபத்தை நான் அண்ணனுக்கு இரண்டு முறை விளக்கினேன். பின்னறைக்குப் போகும் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் மெஷின் ஓடாது. ஆனால் உள்ளே போன கரண்ட் திரும்ப வழியில்லாமல், அந்தத் துண்டு வயர் வழியாக மெஷினின் உடம்பிலேயே வந்து நிற்கும்.

"அது எப்படி விட்டுப்போகும்? போர்டு மாட்டுனது நீதானே. உன் வேலையில உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். என் வேலை நல்ல வேலை என்பதால் என் பேச்சு பொய் ஆகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிவியோ ஃபிரிட்ஜோ, எது நின்றாலும் பக்கத்தில் போய் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடிப்பார். மெஷின் நின்றால் அண்ணி அவரைத்தான் கூப்பிடுவார், அவர் வந்து அடிப்பார். முப்பது வருடமாக நான் பார்த்தது. வீட்டுக்குள்ளும் அவர் காலில் செருப்பு இருக்கும். மெஷின் உடம்பில் கரண்ட் நின்றால் கையை ஓர் உதறல் உதறும், உயிர் போகாது. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் சிரிக்கட்டும் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். போர்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அண்ணன் முன்னறையில் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "பாரு, பாரு" என்றார். மெயினை அணைத்தேன். பின்னறை நியூட்ரலின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வயரை நகக்கண் அளவு வெளியே இழுத்து, மூடியை மாட்டி, மெயினைப் போட்டேன். அப்போது அண்ணி துணி பக்கெட்டோடு வந்தார்.

"தம்பி, அந்த எர்த் விஷயத்தைச் சரி பண்ணிட்டீங்களா?"

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறேன். அண்ணன் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேறு என்ன சொல்ல முடியும்?

"பண்ணியாச்சு அண்ணி."

"அப்பாடா. இனிமே பலகை மேல ஏற வேண்டாம். முட்டி வலி உயிரை எடுக்குது."

செருப்பை வாசற்படியிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஈரத்தரையில் நடந்து போனார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுத்திருந்தால் காரணம் கேட்டிருப்பார். எப்படியும் மெஷின் ஓடாது, அண்ணனைக் கூப்பிடத்தானே போகிறார் என்று நானும் முன்னறையில் போய் உட்கார்ந்தேன். அந்த அடி விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

பக்கெட் உருளும் சத்தம்தான் கேட்டது.

நான்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "சொன்னேனே." துக்கத்தில் உளறுகிறேன் என்று அக்கம்பக்கத்தார் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

இந்த ஆறு மாதமாக அந்த வீட்டில் யாரும் என்னை மீட்டர் என்று கூப்பிடுவதில்லை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னப்பவே கேட்டிருந்தா அவ இருந்திருப்பாடா" என்று அழுகிறார். கையை நான் இழுத்துக்கொள்வதில்லை. என் மேல் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சாகும்வரை அப்படியே இருந்திருக்கலாம்.

நேற்று உங்கள் ஸ்டேஷனிலிருந்து இன்ஜினீயரின் அறிக்கை வந்தது. போர்டு மாட்டியவர் சரியாக முறுக்காததால் நியூட்ரல் தானாகக் கழன்று விபத்து நேர்ந்தது என்று எழுதியிருக்கிறார். மூன்று முறை படித்தேன். முப்பத்தொரு வருடத்தில் என் கை முறுக்கிய ஸ்க்ரூ ஒன்றுகூடத் தானாகக் கழன்றது கிடையாது. அதுவும் கழலவில்லை. நான் கழற்றினேன். இடப்பக்கமாக ஒன்றரைச் சுற்று. அவரை அழைத்து அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள், அதற்காகத்தான் வந்தேன்.

என் தாள் இன்னும் அந்த மெஷினின் காலுக்கு அடியில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், அளவு சரியாக இருக்கும். கோர்ட்டில் அண்ணன் எனக்காகப் பேச மாட்டார், மருமகன்களும் பேச மாட்டார்கள். எனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அண்ணிதான். அவர் மட்டும் இருந்திருந்தால் என்னை இந்த நிலைமைக்கு விட்டிருக்க மாட்டார்.