புளி போட்டு வெளக்கிய சீன ஜாடி

அரியலூர் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் தன் அக்காவிடம் சொன்னார்: "புளி போட்டு வெளக்குனேன்க்கா, எரநூறு வருசம் போயிருச்சு."

"என்னடி சொல்ற?"

"எங்க வூட்டுக்காரரு ஆன்லைன்ல வாங்குனாருல்ல, சீனப் பீங்கான் ஜாடி. ரொம்பப் பழசு, பொண்ணு கல்யாணத்துக்கு வித்துக்கலாம்னாரு. அவரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாத்திரமெல்லாம் வெளக்குறப்ப அதையும் சேத்து வெளக்கிட்டேன். பழுப்பெல்லாம் டீத்தண்ணியாட்டம் எறங்குது. உள்ள பளபளன்னு புதுசு."

சிமெண்ட் லாரிக்கு வழிவிட்டு பஸ் ஒதுங்கி நின்றது.

"பாவம், ஏமாந்தது தெரியாமயே போய்ச் சேந்துட்டாரு" என்றார் அக்கா.

"தெரியாமயாக்கா? வந்த அன்னிக்கு ஈரத்துணியால தொடச்சதே அவருதான். அப்பலேருந்து, 'இதுல தண்ணி மட்டும் பட விடாத'ன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு."