பெரியண்ணனுக்கு அடிக்க வேண்டிய மேளம்

தஞ்சாவூர் பஸ் பாபநாசத்தைத் தாண்டும்போது, முன் சீட்டில் லேப்டாப்போடு இருந்தவர் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னார்:

“உன் இருமலை வெட்டினேன். உன் பெரியண்ணனுக்கு அடிக்க வேண்டிய மேளம் சின்னண்ணனுக்குப் போயிடுச்சு.”

அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன்கள் சீர்த்தட்டோடு மண்டபத்துக்குள் வரும்போது ஒலிபரப்புவதற்காக, அந்த அம்மா அவர்கள் பேரை வீட்டிலேயே சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு பேர் முடிந்ததும் மேளம் வர வேண்டும்.

“நாளைக்கு இப்படிப் போட்டீங்கன்னா பெரியண்ணன் வாசலோட திரும்பிடும். சண்டைக்கப்புறம் இப்பதான் நம்ம வீட்டு விசேஷத்துக்கே வருது.”

“நான் என்ன பண்ண? வெட்டினா பேச்சு மட்டும் முன்னாடி நகருது. மேளம் தனி டிராக்குல இருக்கு, அது நின்ன இடத்துலயே நிக்குது.”

“அப்ப வெட்டாதீங்க. அந்த இடத்துல சத்தத்தை மட்டும் எடுத்துடுங்க.”

கொஞ்ச நேரம் தட்டினார். இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டார்கள்.

“மேளம் சரியா விழுது. ஆனா உன் பெரியண்ணன் பேருக்கு முன்னாடி சத்தமே இல்லாம சும்மா கிடக்கு. மைக்செட் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. இருமாம இன்னொரு தடவை பேசிக் குடு.”

“அது இருமல் இல்லீங்க.”

அவர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார்.

“எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பேருகிட்ட வந்தா அப்படித்தான் ஆகுது. சும்மாவே கிடக்கட்டும். அண்ணனுக்குப் புரியும்.”